வழிக்குறிகளின் மொழி: ஆலுவாச் சாலையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

சாலையோரத்தில் நடப்பட்ட கல்லும் கம்பமும் பலகையும் போக்குவரத்து வரலாற்றின் பகுதியாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளன. அவற்றுள் மிகப் பழமையானவற்றைக் கல்வெட்டறிஞர் எடுத்துக்கொள்வர். இன்றைய பலகைகளைப் பொறியாளர் கவனித்துக்கொள்வர். இவ்விரண்டிற்கும் நடுவே, ஏறத்தாழ 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நடப்பட்ட குறிகள் எவர் பொறுப்பிலும் இல்லாமல் மறைந்து வருகின்றன. சாலை அகலப்படுத்தப்படும்போது முதலில் பெயர்த்தெறியப்படுபவை இவையே.

இக்குறிகளை மொழிச் சான்றுகளாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். வழிக்குறி என்பது பொருளா, பனுவலா என்னும் வினா இங்கு அடிப்படையானது. அது பனுவலே என்றும், நிற்கும் இடத்தையும் நோக்கும் திசையையும் எதிர்பார்க்கும் வாசகரையும் சார்ந்தே பொருள் தரும் தனிவகைப் பனுவல் என்றும் இக்கட்டுரை கருதுகிறது. இக்கருத்து ஏற்கப்படின், அதனைப் பதிவு செய்யும் முறையும் மொழிபெயர்க்கும் முறையும் மாற வேண்டியிருக்கும்.

ஆய்வுக்களமாக ஆலுவாவும் அதனை ஒட்டிய கொச்சிப் பகுதியும் கொள்ளப்படுகின்றன. இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, சேலத்திலிருந்து கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர், அங்கமாலி வழியாகக் கொச்சியை அடையும் நெடுஞ்சாலை பெரியாற்றைக் கடக்கும் இடம் ஆலுவா. முன்பு 47 என்றும் இன்று 544 என்றும் எண்ணிடப்பட்டுள்ள இச்சாலை, தமிழகத்தையும் மேற்குக் கடற்கரையையும் பாலக்காட்டுக் கணவாய் வழியே இணைக்கும் பழந்தொடர்பின் இன்றைய வடிவம். இரண்டாவது, ஆலுவா நெடுங்காலம் எல்லையூராக இருந்தது. ஆலங்காடும் பறவூரும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் திருவிதாங்கூரின் வசமான பின்னர், ஆலுவா திருவிதாங்கூரிலும், அண்மையிலுள்ள சொவ்வர கொச்சி அரசிலும் அமைந்தன. எர்ணாகுளமும் மட்டாஞ்சேரியும் கொச்சியைச் சேர்ந்தவை. இடையில் உள்ள இடப்பள்ளியோ திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1902இல் திறக்கப்பட்ட ஷொரணூர்–எர்ணாகுளம் இருப்புப்பாதையில் சென்ற பயணி சில மணி நேரத்தில் இரு அரசுகளின் எல்லையைப் பலமுறை கடந்தார். எல்லை மிகுந்த நிலத்தில் குறிகளும் மிகுதல் இயல்பு.

2. கைகாட்டி: சுட்டும் பனுவல்

தமிழில் வழிகாட்டும் கம்பத்திற்கு வழங்கும் பெயர் கைகாட்டி அல்லது கைகாட்டி மரம் என்பதாகும். இருப்புப்பாதையில் கை உயர்த்தி இறக்கும் பழைய அடையாளக் கம்பத்திற்கும் இப்பெயரே வழங்கியது. மலையாளத்தில் இதற்கு நேரானவை கைசூண்டி, சூண்டுபலக என்பன. காட்டுதல், சூண்டுதல் ஆகிய இரு வினைகளும் விரலால் சுட்டுதலையே குறிக்கின்றன.

இப்பெயரீடு மொழியியல் நோக்கில் துல்லியமானது. தமிழ் இலக்கணத்தில் அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகள் பேசுவோன் நிற்கும் இடத்தைக் கொண்டே பொருள் பெறுகின்றன. 'அவ்வூர்' என்பது எவ்வூர் என்பதைச் சொல்லளவில் அறிய இயலாது. கைகாட்டியில் எழுதப்பட்ட ஊர்ப்பெயரும் அத்தகையதே. 'பறவூர்' என்று ஒரு நூலில் எழுதினால் அது ஓர் ஊரின் பெயர். ஒரு கவரில் நட்ட கையில் எழுதினால் 'பறவூர் இப்பக்கம்' என்னும் முழு வாக்கியம். அவ்வாக்கியத்தின் பயனிலையாகிய சுட்டு எழுத்தில் இல்லை. கம்பம் நிற்கும் நிலையில் உள்ளது.

இதற்கு மிகத் தெளிவான விளக்கம் பிரிட்டனின் வரலாற்றில் கிடைக்கிறது. ஸ்காட்லாந்தின் நாட்டுப்புறங்களில் இன்றும் காணப்படும் வார்ப்பிரும்புக் கைகாட்டிகள் பல 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியைச் சேர்ந்தவை. மோட்டார் வாகனங்கள் பெருகியதால் ஊர்ப்பெயர் தொலைவிலிருந்தே தெரிய வேண்டியதாயிற்று. 1921இல் பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சகம் எழுத்தின் அளவையும் கம்பத்தின் தோற்றத்தையும் குறித்து ஒரு பொது வடிவத்தைப் பரிந்துரைத்தது. எழுத்துகளைத் தட்டோடு சேர்த்து வார்த்தமையால் வண்ணம் உதிர்ந்தாலும் பெயர் அழிவதில்லை. 1940இல் செர்மானியப் படையெடுப்பு எதிர்பார்க்கப்பட்டபோது நாடெங்கும் வழிகாட்டிக் கம்பங்களும் ஊர்ப்பெயர்ப் பலகைகளும் அகற்றப்பட்டன. நிலப்படங்கள் பகைவனிடம் இருக்கக்கூடும் என்பதை அரசு அறிந்தே இருந்தது. நிலப்படம் தராத ஒன்றைக் கைகாட்டி தருகிறது. அதுவே 'நீ நிற்கும் இடம் இது' என்னும் செய்தி. பெயரை மறைப்பதைவிடச் சுட்டை மறைப்பதே அந்நடவடிக்கையின் நோக்கம் எனலாம்.

1964இல் புதிய வடிவப் பலகைகள் விதியாக்கப்பட்டபின் பழைய கைகாட்டிகளுள் பெரும்பாலானவை மறைந்தன; ஒதுக்கமான சாலைகளில் சில எஞ்சின. தமிழகத்தில் கம்பம் மறைந்தும் பெயர் எஞ்சிய இடங்கள் உள்ளன. அரியலூர் மாவட்டத்து வி. கைகாட்டி என்னும் ஊர் இதற்குச் சான்று. வழியைச் சுட்டிய கம்பத்தின் பெயர், பிறர் சுட்டத்தக்க ஓர் ஊரின் பெயராகிவிட்டது.

3. கவலையும் கல்லும்: பண்டைய சான்றுகள்

வழிக்குறி பற்றிய மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளுள் ஒன்று பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உடைய இந்நூலில், முன்பின் அறியாத நிலத்தில் செல்லும் கூத்தருக்கு வழிகள் சந்திக்குமிடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுமாறு அறிவுரை கூறப்படுகிறது. அதனை அடுத்து, செல்லும் நாட்டின் பெயரை வழிப்போக்கர் அறிந்துகொள்ளும் பொருட்டுக் கல்லில் பொறித்து வைக்கப்பட்ட எழுத்தும், மரா மரத்தடியில் உறையும் கடவுளும், காட்டுவழி பிரியும் கவலையும் ஒரே தொடரில் பேசப்படுகின்றன. படிக்கத் தெரிந்தவருக்கு எழுத்து, தெரியாதவருக்குப் புல்முடிச்சு, இருவருக்கும் பொதுவாக மரமும் கடவுளும் என்று மூவகைக் குறிகள் அங்கு அடுத்தடுத்து வருவது கருதத்தக்கது.

இடைக்காலச் சான்றுகளும் இவ்வியல்பையே காட்டுகின்றன. தருமபுரிக்கு அருகில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வழிக்கல் அதியமான் பெருவழி என்று சாலையின் பெயரையும், நாவல் தாவளம் என்னும் இடத்திற்கு 29 காதம் என்று தொலைவையும் தருகிறது. அத்துடன் நில்லாமல், இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் அக்கல்லில் அமைக்கப்பட்டுள்ளன. பெரிய குழி பத்தையும் சிறிய குழி ஒன்றையும் குறித்தன. எழுத்தறியாதவரும், இருளில் வருபவரும் விரலால் தடவித் தொலைவை அறிய இவை உதவின என்பது அறிஞர் விளக்கம். ஒரே செய்தி இருவேறு வாசகருக்காக இருவேறு குறிமுறைகளில் தரப்பட்டுள்ளது.

கோயம்புத்தூரை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் உள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இன்னொரு வகையில் இதனை உறுதி செய்கிறது. சோழர் காலத்துப் பெருவழி ஒன்றைக் குறிப்பிடும் அக்கல்வெட்டில் தமிழெழுத்து, வட்டெழுத்து ஆகிய இரண்டும் இடம்பெற்றுள்ளன. வட்டெழுத்து பாண்டிநாட்டிலும் சேரநாட்டிலும் பெரிதும் வழங்கியது. தமிழெழுத்து தொண்டை, சோழ மண்டலங்களில் வழங்கியது. மேற்கே பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்லும் வழியில் இரு எழுத்துகளும் அமைந்திருப்பது, இருபுறத்தாரும் அவ்வழியில் நடந்தனர் என்பதற்குச் சான்றாகிறது. அக்கணவாயைக் கடந்து தெற்கே இறங்கும் வழியில் அமைந்ததே ஆலுவா.

4. கொதிக்கல்: இரு முகமுடைய எல்லை

கொச்சிக்கும் திருவிதாங்கூருக்கும் இடைப்பட்ட எல்லை ஒரே நேர்கோடாக அமைந்ததில்லை. கோயிலுரிமை, காட்டுரிமை, பழைய சிற்றரசர் உரிமை ஆகியவற்றால் அது பலவாறு வளைந்தது. ஓர் அரசின் நிலம் மற்றோர் அரசின் நிலத்திற்குள் தீவுபோல் கிடந்ததும் உண்டு. 1865ஆம் ஆண்டின் வணிக உடன்பாடு பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகியவற்றினிடையே சுங்கத் தடைகள் பலவற்றை அகற்றியது. எனினும் வரி, வழக்கு, காவல் ஆகியவற்றில் எல்லை எல்லையாகவே நின்றது. 1880களில் எல்லைத் தகராறுகள் நடுவர் தீர்ப்புக்கு விடப்பட்டமையும் இதனைக் காட்டும்.

இவ்வெல்லையைக் குறிக்க நடப்பட்ட கற்கள் கொதிக்கல்லு என்று மலையாளத்தில் வழங்கப்படுகின்றன. கல்லின் கொச்சிப்புற முகத்தில் 'கொ' என்னும் எழுத்தும், திருவிதாங்கூர்ப்புற முகத்தில் 'தி' என்னும் எழுத்தும் மலையாள லிபியில் செதுக்கப்பட்டுள்ளன. இரண்டு அரசுப்பெயர்களின் முதலெழுத்துகளன்றி வேறு சொல் இல்லை. எர்ணாகுளம் மாவட்டத்தின் பல இடங்களில் இக்கற்கள் எஞ்சியுள்ளன.

இக்கல்லின் சுட்டு முறை இன்றைய எல்லைப் பலகையின் சுட்டு முறைக்கு நேர்மாறானது. இன்று ஒரு மாவட்டத்தை விட்டு இன்னொன்றில் நுழைபவருக்கு எதிரே தெரியும் பலகை, அவர் நுழையப்போகும் மாவட்டத்தின் பெயரைக் கூறும். கொதிக்கல்லோ திருவிதாங்கூரிலிருந்து வருபவருக்குத் 'தி' என்னும் முகத்தையே காட்டும். அவர் நுழையப்போகும் நிலத்தைப் பற்றி அது பேசுவதில்லை. நிற்கும் நிலம் யாருடையது என்பதையே கூறுகிறது. கல்லைக் கடந்து திரும்பிப் பார்த்தால்தான் 'கொ' தெரியும். வழிப்போக்கரை வரவேற்பது இக்கல்லின் வேலையன்று. நிலத்தை உரிமை கொள்வதே அதன் வேலை. பலகையின் வாசகர் பயணி. கல்லின் வாசகர் வரி தண்டுவோரும், காவலரும், அங்கு நிலம் வைத்திருப்போரும் ஆவர்.

பெயரிலும் இது புலப்படுகிறது. ஒரே திசையில் நடந்து செல்பவர் 'கொதி' என்னும் சொல்லைப் படிக்க இயலாது. கல்லைச் சுற்றி வந்தவரே இரு முகத்து எழுத்துகளையும் சேர்த்துப் படிக்கக்கூடும். ஆகவே கொதிக்கல்லு என்னும் பெயர் பயணியர் இட்டதன்று; எல்லையிலேயே வாழ்ந்து, இருபுறமும் நாள்தோறும் சென்று வந்தவர் வழக்கில் தோன்றியது என்று கருதலாம். மலையாளத்தில் 'கொதி' என்பது ஆசையையும் பேரவாவையும் குறிக்கும் சொல். தமிழில் அதே வடிவம் வெப்பத்தால் பொங்குதலைக் குறிக்கும். தமிழில் இப்பெயரைப் பெயர்ப்பவர் பொருளைத் தேடி அகராதியை நாடுவாராயின், இரு மொழிகளிலும் தவறான பொருளே கிடைக்கும். இது சொல்லன்று, இரண்டு எழுத்துகளின் சேர்க்கை. அதனை ஒலியளவில் அப்படியே தந்து, எழுத்துகளின் விளக்கத்தை உடன் கூறுவதே முறை.

1949 சூலை 1ஆம் நாள் இரு அரசுகளும் ஒன்றாயின. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தது. அன்று முதல் இக்கற்கள் எந்த எல்லையையும் குறிக்கவில்லை. குறிக்கப்படும் பொருள் மறைந்தபின் குறி மட்டும் நிற்கும் நிலை இது.

5. நாழிகையும் மைலும்

எல்லைக்கல்லுக்கு அடுத்து நோக்கத்தக்கது தொலைவுக்கல். தமிழிலும் மலையாளத்திலும் பண்டைத் தொலைவளவைகள் உடலையும் பொழுதையும் அடிப்படையாகக் கொண்டவை. ஒருவர் கூவும் குரல் கேட்கும் தொலைவு கூப்பீடு. நான்கு கூப்பீடு ஒரு காதம். இருபத்துநான்கு நிமிடம் கொண்ட நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கும் தொலைவு நாழிகைவழி. இது ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை மைல் வரை கொள்ளப்பட்டது. காதத்தை ஏழரை நாழிகைவழி என்று கணக்கிடும் வழக்கும் உண்டு.

ஆங்கிலேயர் ஆட்சியில் மைல் வந்தது. தமிழகத்தில் மதுரைக்குத் தெற்கே செல்லும் பழைய சாலைகளில் கண்டறியப்பட்ட 19ஆம் நூற்றாண்டு மைல்கற்கள் சிலவற்றில் ரோமானிய எண்களோடு தமிழ் எண்களும் செதுக்கப்பட்டுள்ளன. அளவை புதியது, எண் பழையது. புதிய அளவையைப் பழைய வாசகருக்குக் கொண்டுசேர்க்கும் முயற்சி இது. அதியமான் பெருவழிக் கல்லில் எழுத்தும் குழியும் அருகருகே நின்றதைப் போன்றே இங்கு இருவகை எண்கள் நிற்கின்றன.

சொல்லாட்சியில் இரு மொழிகளும் வெவ்வேறு வழியில் சென்றன. மலையாளத்தில் சாலையோரக் கல்லைப் பேச்சுவழக்கில் மைல்குற்றி என்பர். குற்றி என்பது நட்ட கட்டையையும் முளையையும் குறிக்கும். ஆனால் ஒருவர் வாழ்விலோ நாட்டு வரலாற்றிலோ நிகழ்ந்த திருப்பத்தைக் குறிக்கும் உருவகப் பொருளில் எழுத்துமொழி நாழிகக்கல்லு என்னும் சொல்லையே ஆள்கிறது. பொருளுக்கு இரவற்சொல், உருவகத்திற்குப் பழஞ்சொல் என்று அங்கு வேலை பிரிந்துள்ளது. தமிழில் இப்பிரிவு இல்லை. மைல்கல் என்பதே சாலையோரக் கல்லையும் குறிக்கிறது, திருப்பத்தையும் குறிக்கிறது. 1956ஆம் ஆண்டின் அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து சாலைகளில் கிலோமீட்டர் வந்தபின்னும் மைல்கல் என்னும் சொல் மாறவில்லை.

மொழிபெயர்ப்பாளர் இங்கு கவனம் கொள்ள வேண்டும். மலையாளக் கட்டுரையில் ஓர் இலக்கியப் படைப்பு நாழிகக்கல்லு எனப் போற்றப்படுமாயின், தமிழில் 'நாழிகைக்கல்' என்று பெயர்ப்பது சொல்லுக்குச் சொல் சரியாயினும் வழக்குக்குப் பொருந்தாது. மைல்கல் என்பதே பொருந்தும். மாறாக, 18ஆம் நூற்றாண்டைக் களமாகக் கொண்ட புதினத்தில் மாந்தர் ஒருவர் நாழிகைக் கணக்கில் வழி கூறினால், அங்கு மைலைப் புகுத்துவது காலமுரண் ஆகும். ஒரே சொல்லுக்கு இரு இடங்களில் இரு தீர்வுகள் வேண்டப்படுகின்றன.

6. பொருள் மறைந்து பெயராய் நிற்பவை

ஆலுவாவிலிருந்து அங்கமாலி செல்லும் சாலையில் அத்தாணி என்னும் இடம் உள்ளது. 1999இல் நெடும்பாசேரி வானூர்தி நிலையம் திறக்கப்பட்டபின் இப்பெயர் பலரும் அறிந்ததாயிற்று. மலையாளத்தில் அத்தாணி என்பது தலைச்சுமையை இறக்கி வைப்பதற்காக வழியோரம் அமைக்கப்பட்ட கல்; இரண்டு நிலைக்கற்களின் மீது ஒரு குறுக்குக்கல் கிடக்கும். பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் ஏற்ற உயரத்தில் அது அமையும். 'அவனே எனக்கு அத்தாணி' என்பதுபோல் ஆதரவாக இருப்பவரைக் குறிக்கும் உருவக வழக்கும் மலையாளத்தில் உண்டு.

தமிழில் அத்தாணி என்பது அரசன் கொலுவீற்றிருக்கும் மண்டபம். எழுத்து ஒன்றாயினும் பொருள் வேறு. தமிழில் இக்கல்லுக்குரிய சொல் சுமைதாங்கி. எனினும் இதுவும் முற்றிலும் நிகரன்று. தமிழகத்தில் பல ஊர்களில் கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் இருந்தது. இறக்காமல் போன சுமையின் நினைவு அச்சொல்லில் உண்டு. மலையாள மூலத்தில் ஆறுதலை மட்டும் சுட்டும் அத்தாணி, தமிழில் சுமைதாங்கி ஆகும்போது துயரத்தின் சாயலும் சேரக்கூடும். இடப்பெயராக வருமிடத்து அத்தாணி என்றே நிறுத்தி, பொதுப்பெயராக வருமிடத்துச் சூழலறிந்து பெயர்ப்பது நன்று.

ஆலுவா நகரில் பறவூர்க் கவல என்னும் சந்திப்பு உள்ளது. மலையாளத்தில் கவல என்பது வழிகள் பிரியும் இடத்தைக் குறிக்கும் அன்றாடச் சொல். மலைபடுகடாம் காட்டுவழியின் பிரிவைக் குறிக்க ஆண்ட கவலை என்பதும் இதுவே. இன்றைய தமிழில் கவலை என்றால் மனவருத்தம் ஒன்றே பொதுமக்கள் நினைவுக்கு வரும். கவர்த்த வழி என்னும் பொருள் அகராதியிலும் உரைகளிலும் மட்டுமே வாழ்கிறது. சங்க இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் உரைகொண்டு விளக்க வேண்டிய சொல், ஆலுவாவில் பேருந்து நிற்கும் இடத்தின் பெயராக நாள்தோறும் உச்சரிக்கப்படுகிறது.

இவ்வரிசையில் சேர்க்கத்தக்க இன்னொன்று புளிஞ்சோடு. 2017இல் ஆலுவாவிலிருந்து இயங்கத் தொடங்கிய கொச்சி மெட்ரோ இருப்புப்பாதையில் ஆலுவாவுக்கு அடுத்த நிலையம் இது. புளி, சுவடு என்னும் இரு சொற்கள் இதில் உள்ளன. மலையாளத்தில் சுவடு என்பது மரத்தின் அடியைக் குறிக்கும். தமிழில் அது காலடித் தடத்தையும் எஞ்சிய அடையாளத்தையும் குறிக்கும். தமிழில் புளியடி, ஆலடி என்று இடங்களுக்குப் பெயரிடுவது போன்றதே இது. மரத்தை அடையாளமாகக் கொண்டு வழி சொல்லிய பழக்கம், மரம் இருப்பினும் இல்லாவிடினும், நிலையப் பலகையில் மலையாளம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் தொடர்கிறது.

7. வார்ப்பிரும்பு அஞ்சற்பெட்டி

ஸ்காட்லாந்தின் கைகாட்டிகளைப் போல வார்ப்பிரும்பில் எழுத்தையும் சேர்த்து வார்க்கும் முறை கேரளத்துச் சாலையோரங்களில் வேறொரு பொருளில் காணப்படுகிறது. திருவிதாங்கூர், கொச்சி அரசுகள் தத்தமக்கெனத் தனி அஞ்சல் துறைகளை நடத்தின. திருவிதாங்கூர் அஞ்சற்பெட்டி அறுகோண வடிவில், பச்சை வண்ணம் பூசப்பட்டு, அரசின் சங்கு முத்திரையைத் தாங்கி நின்றது. 1951இல் இத்துறைகள் இந்திய அஞ்சல் துறையோடு இணைக்கப்பட்டன. இரும்பைப் பெயர்ப்பது எளிதன்று என்பதனால் சில பெட்டிகள் சாலையோரங்களில் எஞ்சின.

அஞ்சல் என்னும் சொல் தனியே ஆராயத்தக்கது. 1811 முதல் 1814 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்த கர்னல் மன்றோ, தூதன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை அமைத்தார் என்னும் விளக்கம் பரவலாக வழங்குகிறது. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு நிற்கும் இவ்விளக்கத்தை மொழியியலார் எளிதில் ஏற்பதற்கில்லை. ஓட்டக்காரர் ஒருவர் கைமாற்ற அடுத்தவர் ஏற்றுச்செல்லும் தொடரோட்டத்தைத் தமிழ் இன்றும் அஞ்சலோட்டம் என்றே வழங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியிலும் அஞ்சல் இடம்பெற்றுள்ளது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் தபால் என்னும் சொல் நிலைபெற்ற காலத்தில், இரு மலையாள அரசுகளின் ஆவணங்களும் பெட்டிகளும் அஞ்சல் என்னும் சொல்லை வழக்கில் வைத்திருந்தன. இன்று தமிழகத்தின் ஆட்சிமொழியில் அஞ்சல் மீண்டும் பொதுச்சொல்லாகியுள்ளது. கேரளத்திலோ துறை இணைந்தபின் தபால், போஸ்ட் ஆகியன பரவி, அஞ்சல் பழமைச் சொல்லாயிற்று. ஒரு நிலத்தில் ஒதுங்கிய சொல் மற்றொரு நிலத்தில் வாழ்வு பெற்றது.

8. எவருக்காக எழுதப்பட்டது?

மேற்கூறிய சான்றுகள் அனைத்திலும் மொழித் தேர்வு, எழுத்துத் தேர்வு, எண் தேர்வு ஆகியன ஒரு வாசகரை முன்கூட்டியே தீர்மானிக்கின்றன. இதற்கு மட்டாஞ்சேரியில் ஒரு தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தின் மணிக்கூண்டு 1760ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. அதன் முகங்களில் எபிரேய எண், ரோமானிய எண், மலையாள எண் என வெவ்வேறு எண்கள் அமைந்துள்ளன. பொழுது ஒன்றே, அதனைப் படிப்போர் வேறுவேறானோர். நகரில் எவரெவர் வாழ்ந்தனர் என்பதை அக்கூண்டு, மக்கள்தொகைக் கணக்கு இல்லாமலே கூறிவிடுகிறது.

வாசகர் விடுபட்ட குறிகளும் உண்டு. ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதிகளில் கேலிக் மொழி பேசுவோர் வாழ்ந்தும், வார்ப்பிரும்புக் கைகாட்டிகள் ஊர்ப்பெயர்களை ஆங்கில ஒலிப்புக்கு இயைந்த வடிவிலேயே தந்தன. இருமொழிப் பலகைகள் 1970களுக்குப் பின்னரே படிப்படியாகப் பரவின. ஆலுவாவும் நெடுங்காலம் ஆங்கிலத்தில் 'ஆல்வே' என ஒலிக்கத்தக்க எழுத்துக்கூட்டில் எழுதப்பட்டது. 1990ஆம் ஆண்டை ஒட்டிக் கேரள அரசு ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவங்களை மலையாள ஒலிப்புக்கேற்பத் திருத்தியபோது அது மாறியது. கொச்சியின் பெயர் 1996இல் மாறியது. திருத்தத்திற்கு முன்பும் உள்ளூர் மக்கள் ஆலுவா என்றே கூறி வந்தனர். மாறியது ஊரின் பெயரன்று. பலகை எவர் நாவுக்கு இசைய எழுதப்பட வேண்டும் என்னும் முடிவு.

2017இல் தமிழகத்தின் தேசிய நெடுஞ்சாலைகள் சிலவற்றில் தொலைவுக்கற்களின் ஆங்கில எழுத்துகள் இந்தியாக மாற்றப்பட்டபோது எழுந்த எதிர்ப்பையும் இவ்வகையில் விளங்கிக்கொள்ளலாம். கல்லில் இருந்த செய்தி மாறவில்லை. ஊர்ப்பெயரும் எண்ணும் அவையே. மாறியது 'இக்கல் உன்னை நோக்கிப் பேசுகிறது' என்னும் உறவு. வாசகர் என்னும் நிலையிலிருந்து நீக்கப்பட்டவரே எதிர்த்தனர்.

9. முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. வழிக்குறி ஒரு சுட்டுப் பனுவல். அதன் பொருளில் ஒரு பகுதி எழுத்திலும் மறுபகுதி நிற்கும் இடத்திலும் உள்ளது. அதன் மொழியும் எழுத்தும் எண்ணும் அது எதிர்பார்த்த வாசகரைக் காட்டுகின்றன. பொருள் மறைந்தபின்னும் அதன் பெயர் இடப்பெயராக வாழ்கிறது. அப்பெயர்களில் ஒரு மொழி மறந்த பொருளை உறவுமொழி காத்து வருகிறது.

ஆகவே இவற்றைப் பதிவு செய்வோர் எழுத்தை மட்டும் படியெடுத்தல் போதாது. எந்த முகத்தில் எவ்வெழுத்து உள்ளது, அம்முகம் எத்திசையை நோக்குகிறது, எவ்வழியின் எப்பக்கத்தில் நிற்கிறது, ஊர்மக்கள் அதனை எப்பெயரால் வழங்குகின்றனர் என்பனவும் உடன் பதிவு பெற வேண்டும். சாலை அகலப்படுத்தும்போது கல்லைக் காப்பது இயலாதவிடத்தும் இக்குறிப்புகளைக் காப்பது இயலும். அதற்கு வேண்டுவது கல் பெயர்க்கப்படுவதற்கு முந்தைய ஒருநாள் உழைப்பே.

அருங்காட்சியகத்திற்குக் கொண்டு செல்வது பாதுகாப்பின் ஒரு வழி. ஓலைச்சுவடியை எங்கு கொண்டுசென்று வைத்தாலும் அதன் பாடம் மாறுவதில்லை. கொதிக்கல்லை ஓர் அறையின் சுவரோரம் சாய்த்து வைத்தால் ஒரு முகம் மறைந்துவிடும். மறுமுகம் அவ்வறையையே கொச்சி என்றோ திருவிதாங்கூர் என்றோ கூறிக்கொண்டிருக்கும். நின்ற இடத்தின் குறிப்பு உடன் செல்லாவிடில், காக்கப்பட்ட கல் பொய்யுரைக்கும் கல்லாகிவிடும்.